சத்தம் நின்றால் பயப்படுகிறவள்

சலவைக்கூடத்தில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். அவள் இஸ்திரி போடும் மேசைக்குப் பக்கத்தில் எந்நேரமும் ரேடியோ பாடிக்கொண்டிருக்க வேண்டும். நின்றுபோனால் அவளே வாய் ஓயாமல் பேச ஆரம்பித்துவிடுவாள். வீட்டிலும் அப்படித்தான், மின்விசிறி கடகடவென்று ஆடினால்தான் கண்ணை மூடுவாள். அதற்கு எண்ணெய் விட்டுச் சரிசெய்த மெக்கானிக்கை அவள் திட்டித் தீர்த்த கதையை உடன் வேலை செய்பவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள், ஐம்பதைத் தாண்டியவள், ஏதோ ஒரு கிறுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். காரணம் என்னவென்று யாரும் கேட்டதில்லை.

தம்பி மனைவிக்கு இரண்டாவது பிரசவம். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள், அதுவும் பெண். தம்பி துணைக்கு ஆஸ்பத்திரியில் தங்கிவிட, மூத்ததைப் பார்த்துக்கொள்ள அவள் தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள். மூத்ததுக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. வீட்டில் எல்லோருக்கும் அது ‘சுண்டெலி’. சமையலறை அலமாரிக்குள் புகுந்து டப்பாக்களை உருட்டுவதே அதற்கு முழுநேர உத்தியோகம்.

அன்று சாயங்காலம் சுண்டெலிக்கு லேசாக மூக்கு ஒழுகியது. குரலும் கம்மியிருந்தது. அம்மாவைக் கேட்டுக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைத்தாள்.

நடுராத்திரியில் அறைக்குள் நாய் குரைத்தது.

திடுக்கிட்டு எழுந்து விளக்கைப் போட்டாள். நாய் இல்லை. சுண்டெலி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தது. இருமி முடித்து மூச்சை இழுத்தபோது, துருப்பிடித்த கதவைத் திறப்பது போலக் ‘கீ’ என்று ஒரு சத்தம். கண்கள் பிதுங்க அத்தையைப் பார்த்தது.

அந்தச் சத்தத்தை அவள் கேட்டு நாற்பத்தைந்து வருஷம் இருக்கும். காது மறக்கவில்லை.

அப்போது அவளுக்கு எட்டு வயது. அவளுக்கு அடுத்துப் பிறந்தவனுக்கு மூன்று. அவனுக்கு இதே குரைப்பு, இதே ‘கீ’. வீட்டுப் பெரியவர்கள் ஜன்னல் இடுக்கிலெல்லாம் துணியைத் திணித்தார்கள். கட்டிலைச் சுற்றிப் போர்வையைத் தொங்கவிட்டு, உள்ளே வெந்நீரைக் கொதிக்க வைத்து ஆவி பிடித்தார்கள். அவளைப் பக்கத்து அறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார்கள். ராத்திரி முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் அந்த இருமல். விடியும் நேரத்தில் சத்தம் நின்றது. அப்பாடா, தூங்கிட்டான் என்று சந்தோஷமாக அவளும் தூங்கிப்போனாள். எழுந்து பார்த்தபோது கட்டில் காலியாக இருந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அவனைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சுண்டெலி மறுபடி குரைத்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அடுப்படிக்கு ஓடினாள். என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. ஜன்னலையும் சாத்தியிருந்தாள். ஆவி மேலே எழுந்து கண்ணாடியில் படிந்தது. அது தம்பியின் சமையலறை இல்லை. அந்தப் பழைய அறை.

தம்பி மனைவி இருந்த ஆஸ்பத்திரிக்கே போன் போட்டாள். குழந்தைகள் வார்டில் ஒரு நர்ஸ் எடுத்தாள்.

“இருமாம சும்மா இருக்கிறப்பவும் மூச்சு இழுக்கிற சத்தம் கேக்குதாம்மா?”

“கேக்குது.”

“சட்டையைத் தூக்கிப் பாருங்க. நெஞ்சுக்குழி உள்ள இழுக்குதா?”

“இழுக்குது சிஸ்டர்.”

“உதடு நீலமா இருக்கா? எச்சில் வடியுதா?”

“இல்ல, உதடு சிவப்பாத்தான் இருக்கு. நான் ஆவி பிடிக்கட்டுமா? வெந்நீர் கொதிக்குது.”

“வேண்டவே வேண்டாம். அதால பிரயோஜனம் இல்ல, குழந்தைதான் சுட்டுக்கும். வாய்க்குள்ள விரலை விடாதீங்க, படுக்க வைக்காதீங்க. நிமிர்த்தி மடியில வச்சுக்கிட்டு உடனே கிளம்பி வாங்க. வர்ற வழியில நல்லா குளிர்ந்த காத்து படட்டும். முக்கியமா அழவிடாதீங்க, அழுதா இன்னும் இறுகும். நீங்க பதறினா அதுவும் பதறும்மா.”

அவள் அடுப்பை அணைத்தாள். ஜன்னலை அகலத் திறந்தாள். வெளிக்காற்று முகத்தில் அடித்ததும் பிள்ளையோடு படியிறங்கி ஓடினாள்.

கீழ்வீட்டில் ஒரு டாக்சிக்காரர் இருந்தார். அவர் விடும் குறட்டைக்காகத் தெருவே அவரை ‘இன்ஜின்’ என்றுதான் சொல்லும். கதவைத் தட்டியதும் குறட்டை நின்றது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தவர், பிள்ளையின் இருமலைக் கேட்டுவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் வண்டியை எடுத்தார். கண்ணாடிகளை இறக்கிவிட்டார்.

“அத்தை கடையில பெரிய மிஷின் இருக்குல்ல, அது எப்படி கத்தும் தெரியுமா?” என்றாள் அவள், பிள்ளையின் காதில். பல் தந்தியடித்தது, குரலை மட்டும் பிடித்து வைத்திருந்தாள். “உஸ்ஸ்ஸ்னு கத்தும். சட்டை எல்லாம் பயந்து நேரா நிக்கும்.”

சுண்டெலி அவளையே பார்த்தது. பிறகு, கரகரத்த குரலில், “உச்” என்றது.

“அக்கா, பிள்ளை பேசுது!” என்றார் இன்ஜின்.

“பேசட்டும். வழி முழுக்கப் பேசட்டும்.”

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தக் ‘கீ’ சற்றுத் தணிந்திருந்தது. டாக்டர் பிள்ளையைக் கட்டிலில் போடச் சொல்லவில்லை. “அத்தை மடியிலேயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, இனிப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். முகத்துக்கு அருகே புகைவிடும் மாஸ்க்கைப் பிடித்தார்கள். “மூச்சுக்குழாய் மேல்பக்கம் வீங்கியிருக்கு. மருந்துக்குக் குறையும்” என்றார். தகவல் தெரிந்து மேல்மாடியிலிருந்து தம்பி செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் தலை அவள் தோளில் சாய்ந்தது. ‘கீ’ மெலிந்து மெலிந்து நின்றே போனது. வார்டு நிசப்தமானது.

“சிஸ்டர்!” என்று அலறினாள். “சத்தம் நின்னுடுச்சு! சத்தம் நின்னுடுச்சு!” பிள்ளையைப் பிடித்து உலுக்கினாள். சுண்டெலி வீறிட்டு அழுதது.

நர்ஸ் ஓடிவந்து நெஞ்சைப் பார்த்தாள், விரலில் மாட்டிய மெஷினைப் பார்த்தாள். “நல்லா இருக்கும்மா. நெஞ்சு இழுக்கவே இல்ல பாருங்க. இப்பத்தான் சுகமா தூங்குச்சு, எழுப்பிட்டீங்களே.”

தம்பி பிள்ளையை வாங்கித் தட்டிக்கொடுத்தான். அழுகை அடங்கி அது மீண்டும் தூங்கியது. அவளுடைய கை மட்டும் பிள்ளையின் முதுகை விட்டு வரவில்லை. உள்ளங்கைக்கு அடியில் மூச்சு ஏறி இறங்குவதை வைத்துத்தான் அவள் தன் மூச்சையும் விட்டாள்.

“அக்கா, என்னாச்சு உனக்கு? ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?”

“உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான்” என்றாள்.

தம்பிக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். திக்கித் திக்கி, முன்னுக்குப் பின்னாக, போர்வையையும் வெந்நீரையும் சுவரையும் சொன்னாள். தம்பி பிறந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து.

அவன் பிள்ளையின் தலைமுடியைத் தடவினான். “எனக்கு யாருமே சொல்லலையே. அவன் பேர் என்ன?”

“உன் பேருதான்.”

தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

“அவன் பேரைத்தான் உனக்கு வச்சாங்க. அதான் எனக்கு உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட வரல. வாயைத் திறந்தா சுவருக்கு அந்தப் பக்கத்துல இருந்து அவனும் ‘என்னக்கா’ன்னு கேட்டுடுவானோன்னு இருக்கும்.”

மதியம் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னும் ஒன்றிரண்டு ராத்திரி இருமல் வரலாம், மூச்சு இழுத்தால் உடனே கூட்டிவாருங்கள் என்றார் டாக்டர். தம்பி மனைவியின் கூடப்பிறந்த அக்கா துணைக்கு வந்துவிட்டதால் தம்பியும் வீட்டுக்கு வந்தான். டாக்டர் சொன்னபடியே அன்று ராத்திரியும் குரைப்பு வந்தது. ஆனால் இழுப்பு இல்லை. தம்பியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலருகே போய் உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“அக்கா, அவன் பார்க்க எப்படி இருப்பான்?”

“முன்பல் ஒண்ணு உடைஞ்சிருக்கும். தூங்குறப்ப என் காதைப் பிடிச்சுக்குவான்.”

“முகம்? என்னை மாதிரியா?”

அவள் இருட்டுக்குள் யோசித்தாள். போட்டோ ஒன்றுகூட மிஞ்சவில்லை. காதைப் பிடித்த விரல்களின் சூடு ஞாபகத்தில் இருந்தது, அவன் போட்டிருந்த சட்டையின் கோடுகூட இருந்தது. முகம் வரவேயில்லை. யோசிக்க யோசிக்க, எதிரே உட்கார்ந்திருந்த தம்பியின் முகம்தான் அங்கே வந்து நின்றது.

“தெரியலடா” என்றாள்.