மஞ்சள் எனாமல் குவளை

"இங்கதான் இருந்திருக்கணும்" என்று லூவீனியா மண்டியிட்டாள். வெள்ளைச் சரளைக் கல்லைக் கையால் ஒதுக்கினாள். கல்லுக்கு அடியில் கறுப்புத் துணி விரித்திருந்தது. களை முளைக்காமல் இருக்கப் போடும் துணி. இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

"மரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா அக்கா?" என்று கேட்டார் ஆமோஸ். சர்ச்சில் பாதிரியாருக்கு உதவும் டீக்கன் அவர். குழி வெட்டுவதும் அவர்தான். மண்வெட்டி இன்னும் தோளில் இருந்தது.

"மரத்தை யாரு பாத்தா? குவளையைப் பாத்துத்தானே வருவேன்."

குவளை இல்லை. எந்தக் குவளையும் இல்லை. கருவாலி மரங்களுக்கு நடுவே அந்தக் கல்லறைத் தோட்டம் ஹோட்டல் வாசல் போலச் சமமாக இருந்தது. ஓரத்தில் புதிய பலகை ஒன்று நட்டிருந்தார்கள். 'இங்கே உறங்குபவர்களை வெதர்ஸ்பி குடும்பம் மரியாதையுடன் நினைவுகூர்கிறது.'

லூவீனியாவின் குடும்பப் பெயரும் வெதர்ஸ்பிதான். மஞ்சள் துணியில் கட்டிய மூட்டை போலக் கூடவே வந்த பெயர் அது. எங்கே வாங்கியது என்று யாரும் விசாரிப்பதில்லை. கிளினிக்கில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் சில சமயம் ஒரு வெள்ளைக்காரரும் கூடவே எழுந்திருப்பார். இருவரும் சிரித்துக்கொள்வார்கள். இன்று காலைகூட, வெதர்ஸ்பி எஸ்டேட்டின் வாசல் கேட்டில் இருந்த காவலாளி பெயரைக் கேட்டுவிட்டு, "ஓனர் வீட்டு ஆளுங்களா?" என்றான்.

"ஆமாப்பா" என்றார் ஆமோஸ். "ஒரு காலத்துல எங்களையும் வீட்டோட சேத்துத்தான் எழுதி வச்சிருந்தாங்க."

காவலாளிக்குப் புரியவில்லை. கேட்டைத் திறந்துவிட்டான்.

லூவீனியாவின் தம்பி எசேக்கியா செவ்வாய்க்கிழமை இறந்துபோனான். காகித ஆலை அவன் நுரையீரலை முடித்துவிட்டு, தானும் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அவன் அக்காவின் வீட்டில்தான் இருந்தான். அவள் புருஷன் எப்போதோ வேலை தேடி வடக்கே பிலடெல்பியாவுக்குப் போனவன், திரும்பவில்லை. அவள் பக்கத்துத் தீவிலுள்ள ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் துவைத்து இஸ்திரி போட்டாள். விடிவதற்கு முன்பே பஸ் ஏறிவிடுவாள். மாலையில் வந்தால் தொலைக்காட்சிச் சத்தத்துக்காகத் தம்பியோடு சண்டை. அவள் குறைப்பாள், அவன் கூட்டுவான். இப்படியே வயதானார்கள்.

கடைசி வாரத்தில் அவன் ஒன்றுதான் கேட்டான். "அம்மா பக்கத்துல போடு. வேற எங்கயாச்சும் போட்டே, எந்திரிச்சு வந்து டிவிய சத்தமா வைப்பேன்."

அம்மா இங்கே கிடந்தாள். அம்மாவைப் பெற்றவர்களும், அவர்களைப் பெற்றவர்களும், கீழே ஆற்றோரத்து நெல் வயல்களில் அடிமைகளாக முழங்கால் நீரில் நின்றவர்களும் இங்கேதான். யாருக்கும் கல் கிடையாது. அந்தக் காலத்தில் கல் வைக்க விடவில்லை. பிறகு காசில்லை. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. போனவர் கடைசியாகக் கையில் எடுத்த பொருளைத் தலைமாட்டில் வைப்பார்கள். தட்டோ ஜாடியோ விளக்கோ, எதுவானாலும் அதன் அடியை உடைத்துத்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் போனவர் வீட்டிலிருந்து இன்னொருவரையும் கூப்பிட்டுக்கொள்வார். அம்மாவின் குவளை எனாமல் என்பதால் உடையவில்லை. எசேக்கியாதான் ஆணி வைத்துச் சுத்தியலால் அடித்தான். அப்போது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. ஒவ்வோர் அடிக்கும் அழுதான்.

வைத்த பொருளை யாரும் தொட மாட்டார்கள். குழந்தைகள்கூட.

"உன்னை ஒண்ணு கேக்கணும்" என்றாள் லூவீனியா. "இவங்க இங்க வரப்போறது உனக்குத் தெரியுமா?"

ஆமோஸ் மண்வெட்டியை இறக்கினார். "ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. கிளே வெதர்ஸ்பியோட தேர்தல் ஆபீஸ்லேருந்து. கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் பண்ணலாமான்னு கேட்டுச்சு. புல்லு வெட்டுவாங்கன்னு நெனச்சேன் அக்கா. செய்ங்கம்மான்னு சொன்னேன். தேங்க்ஸ் வேற சொன்னேன்."

மாநிலச் சட்டசபைக்குப் போட்டியிடும் கிளேவை இருவருக்கும் தெரியும். போன மாதம் பள்ளிக்கூட அரங்கில் கூட்டம் நடந்தது. எதிர்த்து நிற்கும் பெண்மணி ஒலிபெருக்கியில் நேராகக் கேட்டாள், உங்கள் முப்பாட்டனார் எத்தனை பேரை அடிமையாக வைத்திருந்தார் என்று. கிளே முகம் சிவந்தான். "அவர் செய்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? எனக்கு வந்தது பெயர் மட்டும்தான்" என்றான். பாதிக் கூட்டம் கைதட்டியது. லூவீனியாவும் தட்டினாள். மூடிய ஆஸ்பத்திரியைத் திறக்க வைப்பதாக அவன் சொல்லியிருந்தான்.

"சொந்தக்காரன்னு கைதட்டுறியாக்கா?" என்று ஆமோஸ் அப்போது காதில் சொன்னார்.

"சொந்தக்காரன் இல்லன்னு யாரு சொன்னா?" என்றாள் அவள். பின்வரிசை முழுக்கச் சிரித்தது.

காவலாளி சொல்லியிருக்க வேண்டும். மரங்களுக்கிடையே ஒரு வண்டி வந்து நின்றது. கிளே தொப்பியைக் கழற்றிக்கொண்டு இறங்கினான். லூவீனியாவின் வயதில் பாதி இருப்பான்.

"மிஸ் லூவீனியா, தம்பி விஷயம் இப்பத்தான் கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமா இருக்கும்மா."

"நன்றி மிஸ்டர் கிளே. இங்க சாமானெல்லாம் இருந்துச்சே."

"என்ன சாமான்?"

"கப்பு, தட்டு, விளக்கு."

அவன் முகம் மலர்ந்தது. "அத ஏன் கேக்கறீங்க! அவ்வளவு குப்பை. வேட்டைக்கு வர்றவங்க தின்னுட்டு வீசிட்டுப் போயிருக்காங்க. செத்தவங்க மேல இப்படிப் போடுவாங்களா? எங்க பசங்க நாள் பூரா பொறுக்கினாங்க. நானும்தான் பொறுக்கினேன்."

கிளே இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சிரிப்பு மெல்லப் போனது.

"எங்க கொண்டு போனீங்க?" என்றார் ஆமோஸ்.

"குப்பைக் கிடங்குக்கு. எந்திரத்துல போட்டு..." அவன் நிறுத்தினான். "அது குப்பை இல்லையா?"

அந்தச் சாமான்கள் என்னவென்று ஆமோஸ் சொன்னார். நாலே வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

"மஞ்சக் குவளை ஒண்ணு" என்றாள் லூவீனியா. "எனாமல். அடியில ஆணி ஓட்டை."

கிளேயின் கையில் சுழன்றுகொண்டிருந்த தொப்பி நின்றது. "அத நான்தான் எடுத்தேன். வெயில் அந்த ஓட்டை வழியா வந்துச்சு. ஞாபகமிருக்கு."

அவள் எழுந்துவிட்டாள். முழங்காலில் சரளைக் கல் ஒட்டியிருந்தது. "எந்த இடத்துல எடுத்தீங்க?"

அவன் நடந்தான். அவள் பின்னால் போனாள். அம்மா கிடக்கும் இடம் தெரிந்த ஒரே ஆள் இப்போது அவன்தான். ஒரு மரத்தடியில் நின்றான். தலையசைத்தான். கொஞ்சம் தள்ளிப் போய் நின்றான். "இங்க... சூரியன் இந்தப் பக்கம் இருந்துச்சு. இல்ல, இங்கேன்னு நினைக்கறேன்." மறுபடி பழைய மரத்துக்கே வந்தான். எல்லா இடமும் ஒரே வெள்ளையாக இருந்தது. அவன் நெற்றி வேர்த்தது. பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லவில்லை.

"தெரியலம்மா" என்றான்.

"நினைக்கறதை வச்சுக் குழி வெட்ட முடியாது சார்" என்றார் ஆமோஸ். "கீழ பூரா ஆளுங்க."

"மண்ணுக்குள்ள பாக்கற கருவி இருக்கு. பல்கலைக்கழகத்துல பேசறேன். தேர்தல் முடிஞ்சதும்..."

"நாளைக்கு அடக்கம்" என்றாள் லூவீனியா.

மரங்களுக்கு அப்பால் அவன் சித்தப்பாவின் பெரிய வீட்டுக் கூரை தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இரும்பு வேலிக்குள் அவர்களுடைய பளிங்குக் கற்கள். ஒவ்வொன்றிலும் பெயர், பிறந்த நாள், இறந்த நாள்.

"சின்ன வயசுல இங்கெல்லாம் ஓடியிருக்கேன்" என்றான் கிளே. "இது என்னன்னு ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்ல."

"உங்க வீட்டுல யாரும் கேட்டதில்ல" என்றாள் லூவீனியா.

"மன்னிச்சிடுங்கம்மா. நிஜமா நல்லது செய்றதா நெனச்சேன்."

அவன் நிஜமாகத்தான் சொன்னான். அது அவளுக்குத் தெரிந்தது. ஹோட்டலில் எத்தனையோ பேர் எதையெதையோ செய்துவிட்டு இப்படி நின்றிருக்கிறார்கள். பரவாயில்லை சார் என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிடும். இப்போதும் வாய் திறந்தது. அந்த வார்த்தை வரவில்லை. கிளே காத்திருந்தான். அவள் குனிந்து முழங்காலிலிருந்த கற்களைத் தட்டிவிட்டாள்.

"ஓரமா ஒரு இடம் பாக்கவாக்கா?" என்று ஆமோஸ் மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம். யாரு நெத்தியில மண்வெட்டி விழும்னு தெரியாது. வா போலாம்."

மறுநாள் சனிக்கிழமை. எசேக்கியாவை நெடுஞ்சாலை ஓரத்து சர்ச்சின் கல்லறை மைதானத்தில் அடக்கம் செய்தார்கள். ஆமோஸ் ஜெபம் செய்தார். லாரிகள் போனபோதெல்லாம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். கிளே மலர்வளையம் அனுப்பியிருந்தான். அவன் வரவில்லை. பெண்கள் தக்காளிச் சோறும் பொரித்த மீனும் கொண்டுவந்தார்கள். மீன் மிஞ்சியது.

லூவீனியா தம்பியின் காப்பிக் கோப்பையின் அடியை உடைத்துப் பையில் கொண்டுபோயிருந்தாள். அங்கே திங்கட்கிழமைதோறும் எந்திரம் விட்டுப் புல் வெட்டுவார்கள். கல்லறை மேல் எதையும் வைக்கக் கூடாது. கோப்பையைத் திரும்பக் கொண்டுவந்து சமையலறை ஜன்னலில் வைத்தாள்.

தபால் பெட்டியில் வெதர்ஸ்பி என்று போட்ட உறை ஒன்று கிடந்தது. கிளேவுக்கு வந்தது. தபால்காரர் மாற்றிப் போட்டிருந்தார். திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கலாம் என்று மேசை மேல் வைத்தாள். பிறகு தொலைக்காட்சியைப் போட்டாள். சத்தத்தைக் குறைக்கவில்லை.