வெள்ளைக் காரில் வந்த நெய் வாளி

பத்து நாள் என் வீட்டு அடுப்படி மூலையில் ஒரு நெய் வாளி இருந்தது. அது என் பொருள் இல்லை. அந்தப் பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. படுத்தால் நெஞ்சு மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. இந்த வயசில் இப்படி ஒரு பேரோடு சாக வேண்டுமா என்று நினைத்து நினைத்து அழுதேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் அம்மாதான் என்னைக் கரை சேர்த்தாள். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அம்மாவைக் கும்பிடுகிற நம் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லப் பார்த்தேன், பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். எழுத்தில் பிழை இருக்கும், சொல்வதில் இருக்காது.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எனக்கு அறுபத்தெட்டு வயது. ராஜபாளையத்தில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறேன். என் வீட்டுக்காரர் போன பிறகு முப்பத்தோரு வருசமாக அவர் கரண்டி என் கையில்தான் இருக்கிறது. எனக்குக் கீழே பதினோரு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். தேவதானத்திலிருந்து பிளவக்கல் வரைக்கும் என் சமையல் இறங்காத ஊர் குறைவு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள், பொய் எதற்கு?

முதலில் கார் வந்த கதையைச் சொல்ல வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு பழைய வேன். பின்கதவு பூட்டாது, கயிறு போட்டுக் கட்டுவோம். போன வருசம் சித்திரையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெரிய வீட்டிலிருந்து சமையல் பேச வரச் சொன்னார்கள். என் மகன் கணேசன் வேனை வாசலில் நிறுத்தினான். அந்த வீட்டு மருமகன் உள்ளேயிருந்து வந்தார்.

"காய்கறி வண்டியெல்லாம் பின்வாசலுக்குப் போகணும்ப்பா. இங்க நிப்பாட்டாத."

"காய்கறி இல்லய்யா. சமையல் பேச வந்திருக்கோம்," என்றான் கணேசன்.

அவர் வேனைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். "ஒரு ஆளு ஏற்கெனவே வந்திருக்காரும்மா. பொறவு சொல்லி விடுதோம்" என்றார். ஜன்னல் வழியாக எனக்கு உள்ளே தெரிந்தது. வெள்ளைக் காரில் வந்த ஒருத்தர் சோபாவில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைத் தெரியும். அவருக்கு ரசம் வைக்க வராது.

சொல்லி விடவில்லை. திரும்பி வரும்போது கணேசன் சொன்னான்: "ஒங்க கைப்பக்குவத்த யாரும்மா பாக்கா? மொதல்ல வண்டியத்தான் பாக்காக."

"அப்பம் நம்மளும் ஒரு வெள்ளக் காரு வாங்குலே," என்றேன்.

வாங்கினோம். பழைய கார்தான், ஆனால் பளபளவென்று இருந்தது. பெரிய அண்டாக்கள் லோடு ஆட்டோவில் போகும். சின்னச் சாமான்கள் கார் டிக்கியில் வரும். நான் முன்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து போவேன். அதிலிருந்து எல்லாம் மாறியது. "என்னம்மா" என்றவர்கள் "வாங்க ஆச்சி" என்றார்கள். ஸ்டூல் போட்டவர்கள் நாற்காலி போட்டார்கள். நான் வைப்பது அதே சாம்பார்தான். காரைப் பார்த்தா ஒருத்தருக்கு மரியாதை வருகிறது என்று என்னைக் கேட்டால், ஆமாம், காரைப் பார்த்துத்தான் வருகிறது, என் கண்ணால் கண்டேன் என்பேன். எனக்கும் அது பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் முடிந்து கிளம்பும்போது தலைமைச் சமையல்காரி வண்டிக்குப் பின்னால் நிற்க வேண்டும். வீட்டுக்காரர்களில் ஒருத்தர் பக்கத்தில் நிற்பார். அவர் காதில் விழும்படி ஒவ்வொரு பாத்திரமாகச் சொல்லித்தான் ஏற்றுவோம். இரண்டு பேர் பாத்திரமும் எவர்சில்வர், ஒன்றோடொன்று கலந்துவிடும், அதற்காகத்தான். முப்பது வருசம் ஒரு நாள் தவறாமல் நின்றேன். கார் வந்த பிறகு நிற்கவில்லை. முதலாளியம்மா வெயிலில் நின்று கரண்டி எண்ணுவாளா? போய்க் காருக்குள் உட்கார்ந்துகொள்வேன்.

போன ஆவணியில் தேவதானத்துச் சுபேதார் வீட்டுக் கல்யாணம் வந்தது. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் மீனாவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கொடுத்தார்கள். கல்யாணம் ராஜபாளையத்தில் ஒரு மண்டபத்தில். சுபேதார் வீட்டம்மா தங்கள் பசு மாட்டுப் பாலில் வெண்ணெய் எடுத்து, மாசக்கணக்காகச் சேர்த்து உருக்கி, பெரிய மூடி வாளி நிறைய நெய் வைத்திருந்தார்கள். வாளியில் பெண்ணின் பேர் வெட்டியிருந்தது. சீரோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டிய நெய்.

"ஒங்க பார்வையில இருக்கட்டும் ஆச்சி," என்று சொல்லி என் சமையல்கட்டிலேயே வைத்தார்கள். சரி என்று வாங்கி வைத்தவள் நான்.

பந்தி முடிந்தது. பெண்ணை அனுப்புகிற நேரம் வாளியைக் காணவில்லை. என் சாமான்களை மண்டபத்து ஆட்கள் ஏற்றி டிக்கியை மூடிவிட்டார்கள். நான் காருக்குள் இருந்தேன். வீட்டம்மாவின் தம்பி காரை மறித்துக்கொண்டு வந்தார்.

"ஆச்சி, டிக்கிய செத்தத் தொறந்து காட்டிட்டுப் போங்க."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "ஏன்ய்யா, நான் தூக்கிட்டுப் போறேன்னு பாக்கியளா? நான் யாருன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

அதற்குள் சுபேதார் வந்துவிட்டார். "ஏலே, வாய மூடு. காருல வந்து எறங்குத ஆச்சி ஒரு வாளி நெய்க்கா ஆசப்படுவாவ? போயி பாத்திரம் கழுவுதாளே, அவளப் பாரு."

மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிற சுப்புத்தாய் வேலை முடிந்து, கையில் ஒரு மஞ்சப்பையோடு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தம்பி பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினார். ஈரச்சேலை ஒன்று. இலையில் மடித்த இரண்டு லட்டு. வேறொன்றும் இல்லை.

"லட்டு எடுத்தவளுக்கு நெய் எடுக்கத் தெரியாதோ? யாருகிட்டட்டி குடுத்து விட்ட?"

சுப்புத்தாய் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த லட்டை அவளுக்கு மடித்துக் கொடுத்தது நான். என் கையால் கொடுத்தேன், பேரனுக்குக் கொண்டு போ என்று. இறங்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன், உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. என்னைச் சந்தேகப்பட்ட இடத்தில் எதற்கு இறங்க வேண்டும் என்ற வீம்பு. "போலாம்லே," என்றேன். கணேசன் காரை எடுத்தான்.

வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்தான். என் தூக்குச்சட்டிகளுக்கு நடுவில் அந்த வாளி இருந்தது. ஏற்றியவர்கள், எல்லாமே என் சாமான் என்று ஏற்றியிருக்கிறார்கள். நான் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். மீ. னா.

கணேசன் சொன்னான்: "இப்பம் கொண்டு போனா நம்மதான் எடுத்தோம்பாக. ரெண்டு நாள் போவட்டும்மா." எனக்கும் அதுதான் தோதாக இருந்தது. அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டு நாள் நாலு நாளானது. நான் விளக்கேற்றி அம்மாவிடம் கேட்டேன். என்ன கேட்டேன் தெரியுமா? இந்தப் பேச்சு அமுங்கிப் போகட்டும், என் பேர் கெடாமல் பார்த்துக்கொள் என்று கேட்டேன். காலையிலும் சாயங்காலமும் இதே வேண்டுதல். அவள் காது கொடுக்கவே இல்லை. வாளியின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினேன். மூடிய பிறகு இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

ஒன்பதாம் நாள், என்னிடம் வேலை பார்க்கிற பேச்சியம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "சின்னம்மா, அந்தச் சுப்புத்தாய மண்டபத்துல நிப்பாட்டிட்டாகளாம். வேற மண்டபத்துலயும் சேக்கலயாம். அவ தெருவுல இப்பம் நெய்வாளின்னுதான் கூப்பிடுதாகளாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

காரில் வந்ததால் என் டிக்கியைத் திறக்கவில்லை. நடந்து போனதால் அவள் பையைக் கொட்டினார்கள். நான் ஆசைப்பட்டு வாங்கின மரியாதை அவள் தலையில் போய் விடிந்தது. அந்த ராத்திரி முழுக்க இது ஒன்றுதான் மனசில் ஓடியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காரை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். சந்நிதியில் நல்ல கூட்டம். நான் ஓரமாக நின்றேன். கை கூப்ப வெட்கமாக இருந்தது. "தாயே, எனக்கு வாய் வர மாட்டேங்குது. முப்பது வருசப் பேரு வந்து மறிக்குது. நீயே ஒரு வழியக் காட்டு. எம்புட்டு அவமானம் ஆனாலும் சரி" என்றேன். அவ்வளவுதான் என் வேண்டுதல். அழுதேன். துளசி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் பூக்கடை முன்னால் மீனா நின்றிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா, சுபேதார் வீட்டம்மா. அந்தப் பக்கம் மீனாவின் மாமியார். உடம்பெல்லாம் எனக்குப் புல்லரித்தது. வழி கேட்டு முழுசாகக் கால் மணி நேரம் ஆகவில்லை.

"ஆச்சி! நல்லாயிருக்கியளா?" என்று வீட்டம்மா ஓடி வந்து கையைப் பிடித்தார்கள். "மயினி, இவியதான் நம்ம கல்யாணத்துக்குச் சமைச்சவிய."

மாமியார் சிரித்தார்கள். "சமையலு நல்லாத்தான் இருந்துச்சு. அந்த நெய் வாளிதான் இன்னும் வந்து சேரல. உருக்கி வச்ச நெய்யா, பேச்சுல வச்ச நெய்யான்னு எங்க வீட்டு ஆம்பளைக கேக்காக."

மீனா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, என் அடுப்படியில் இருந்த வாளி இந்தப் பெண்ணையும் பத்து நாளாக இடித்துக்கொண்டிருந்தது என்று.

"வாளி எங்கிட்ட இருக்கு," என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். டிக்கியில் தெரியாமல் ஏறியது, அன்றைக்கே பார்த்தது, பார்த்தும் மூடி வைத்தது, லட்டு நான் கொடுத்தது, எல்லாம். பூக்காரம்மா கட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். வீட்டம்மா என் கையை விட்டுவிட்டார்கள். "சாயங்காலம் ஊருக்கு வாங்க. அவிய இருப்பாவ" என்று மட்டும் சொன்னார்கள். 'ஆச்சி' என்ற வார்த்தை அதில் இல்லை.

சாயங்காலம் தேவதானத்தில் அவர்கள் தெருவில் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, வாளியை நானே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனேன். கணேசன் வாங்க வந்தான், கொடுக்கவில்லை.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா அத்தான்!" என்று அந்தத் தம்பி குதித்தார். "காருக்குப் பெட்ரோலுக்குப் பதிலா நெய்யி ஊத்துதாவளோ என்னமோ!" தெருவே சிரித்தது. தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். என் வாழ்நாளில் முதல் தடவை.

சுபேதார் சிரிக்கவில்லை. "டிக்கியத் தொறக்க விடாதவன் நாந்தானடே," என்றார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "நீயும் ஏறு. அந்தப் பையக் கொட்டுனது நீ" என்று மச்சினனையும் காரில் ஏற்றினார்.

சுப்புத்தாய் வீடு செட்டியார்பட்டியில். வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. நான் அவள் காலடியில் உட்கார்ந்தேன்.

"தாயி, நெய் எங்கிட்டதான் இருந்துச்சு. என்னய மன்னிச்சிரு."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "வாளி ஒங்க கார்ல இருந்தது ஒங்களுக்கே தெரியாது. அத விடுங்க. லட்டு நாந்தான் குடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? அது தெரியும்லா ஒங்களுக்கு? கண்ணாடிக்குள்ள இருந்து பாத்துக்கிட்டே போனியளே."

சுபேதார் கை கூப்பினார். அந்தத் தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நாள் சுபேதாரே மண்டபத்துக்குப் போய் எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொல்லி, அவள் வேலையைத் திரும்ப வாங்கிக் கொடுத்தார். மீனாவின் மாமியார் வீட்டிலும் அந்தப் பேச்சு நின்றது.

எனக்குப் பேசி வைத்திருந்த இரண்டு கல்யாணம் கை விட்டுப் போனது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. காரை நான் விற்கவில்லை, அது பாவம் என்ன செய்யும். ஆனால் சுப்புத்தாய் வீட்டுக்குப் போய் வந்த அன்றைக்கு ராத்திரி, பத்து நாளைக்குப் பிறகு ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டேன். படுத்ததும் தூங்கினேன். அந்தத் தூக்கம் அம்மா போட்ட பிச்சை.

சுப்புத்தாய் பல மாசம் எனக்கு முகம் கொடுக்கவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. போன முகூர்த்தத்தில் மண்டபத்தில் சாப்பிட்டுக் கை கழுவி வந்தவள், என் அடுப்புப் பக்கம் நின்று, "ரசத்துல உப்பு கம்மி ஆச்சி" என்றாள். இத்தனை வருசத்தில் என் ரசத்தை யாரும் குறை சொன்னதில்லை. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உப்பு போட்டேன்.

என்னோடு அம்மாவைக் கும்பிடுகிறவர்களே, உங்களில் யாராவது ஒருத்தர் வீட்டில் இப்படிச் சாக்கு போட்டு மூடி வைத்த ஒன்று இருக்கலாம். மறைத்துக் கொடு என்று நான் ஒன்பது நாள் கேட்டேன், அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொல்ல வை என்று ஒரே ஒரு தடவை கேட்டேன், வாசலிலேயே கொண்டு வந்து நிறுத்திவிட்டாள். நீங்களும் போய் நின்று கேளுங்கள். அவமானம் வரும். அதையும் அவளே கூட நின்று தாங்க வைப்பாள். எனக்குத் தாங்க வைத்தாள்.