காது தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது

1. முதல் திங்கட்கிழமை

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது வடக்கே கட்கி பஜாரில், காளே சேட்டின் ஸ்டுடியோவில். அது ஒரு திங்கட்கிழமை என்று நோட்டில் இருக்கிறது. எடுக்கும் படங்களுக்கு நாள், லென்ஸ், அப்பர்ச்சர், ஷட்டர் எல்லாம் குறித்து வைக்கும் பழக்கம் அன்றே தொடங்கியது.

அன்று வரிசையில் நின்றவர்கள் அந்த ஊர்த் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள். கேட் பாஸுக்குப் படம் வேண்டும். சேட் எனக்கு நடத்திய ஒரே பாடம்: "ஹஸ்னா மத், கான் திகாவ்." சிரிக்காதே, காதைக் காட்டு. வந்தவர்களில் பலர் வேலூர், ஆம்பூர் பக்கத்துத் தமிழர்கள். அவர்களுக்கு அதைத் தமிழில் சொல்வது என் வேலை. உரக்கவே சொன்னேன். மதியம் சேட் சந்தோஷமாக வடா பாவ் வாங்கித் தந்தார்.

2. நாற்பது ஃபிரேம்

இப்போது அருகிலுள்ள நிக்டியில் எனக்குச் சொந்த ஸ்டுடியோ. போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை கவிதா போன் செய்தாள். அவள் கல்யாணத்தை எடுத்தவன் நான்தான். கணவனோடு கனடாவில் குடியேறப் போகிறாள்.

"அங்கிள், எங்கப்பா சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோகூட எங்ககிட்ட இல்ல. நீங்க எடுத்த ஆல்பத்துலயும் கேட் பாஸ் மூஞ்சிதான். நாளைக்கு நைட் ஃப்ளைட். ப்ளீஸ் அங்கிள்."

ஆல்பம் என்றதும் சுருக்கென்றது. மறுநாள் காலை ஒன்பது நாற்பதுக்குக் கட்கியில் அவர்கள் வீட்டில் இருந்தேன். ஃபுல் ஃபிரேம் கேமரா, முகப் படத்துக்கான 85 லென்ஸ், இரண்டு லைட், வெளிச்சத்தை மென்மையாக்க ஒரு சாஃப்ட்பாக்ஸ். கவிதாவின் அப்பா செல்வராஜ் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து அண்மையில்தான் ஓய்வு பெற்றவர். நான் லைட் பூட்டும்வரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார். கேமராவைத் தூக்கினேன். இரண்டு கையாலும் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். முகவாய் உயர்ந்தது. வாய் மூடியது.

"கொஞ்சம் ரிலாக்ஸா இருங்க சார்."

"ரிலாக்ஸாத்தான் சார் கீறேன்," என்றார், உதட்டை மட்டும் அசைத்து.

கேமராவை இறக்கினால் சிரிப்பார்; ஏற்றினால் நிறுத்துவார். கவிதா தனக்குத் தெரிந்த ஜோக்கையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். நாற்பது ஃபிரேம். நாற்பதிலும் காது இரண்டும் துல்லியம்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி மல்லிகா எட்டிப் பார்த்தார். "அண்ணே, உங்க மிஷினப் பாத்தா அவருக்கு ட்யூட்டி ஏறிடுது."

சொல்லிவிட்டு ஷோகேஸைத் திறந்தார். பக்கத்து வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளுக்கு வாங்கி வைத்த விளையாட்டுக் கேமரா அதில் இருந்தது. மஞ்சள் பிளாஸ்டிக், வாத்து வடிவம்; ஆனால் நிஜமாகவே படம் எடுக்கும். நான் குனிந்து லைட்டுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி அது, சோப்பு டப்பாவா?"

"போட்டோ புடிக்கிறேன். மூஞ்சியக் காட்டு."

"வாத்து மூக்குல போட்டோவா? அரே, திருப்பிப் புடி. உம் மூஞ்சிதான் வரப்போவுது!"

"உம் மூஞ்சிக்கு இதுவே ஜாஸ்தி."

பட்டனை அழுத்தினார். வாத்து 'குவாக்' என்று கத்தியது. செல்வராஜ் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை இறுக்கி மூடி, வீடே அதிரச் சிரித்தார். மல்லிகா மறுபடி அழுத்தினார். நான் பதறி எழுந்து கேமராவைத் தூக்கினேன். செல்வராஜின் கை தானாகக் காதுக்குப் போனது.

3. கவிதா எடுத்துப்போன படம்

வாத்தின் மெமரி கார்டை லேப்டாப்பில் போட்டோம். இரண்டாவது படத்தில் ஃபிரேம் சாய்ந்திருந்தது, ஃபோகஸ் இல்லை, ட்யூப் லைட் பாலாகக் கொட்டியிருந்தது, மூலையில் மல்லிகாவின் விரல். நான் குறைகளை எண்ணிக்கொண்டிருந்தபோதே கவிதா கத்தினாள்: "மம்மி, இதுதான்! அப்பாவோட ஓட்டைப் பல்லு!"

"பெருசா பிரிண்ட் போட்டா உடையும்மா. என் படத்துல ஒண்ணு..."

"உங்க படத்துல அப்பா காது சூப்பரா இருக்கு அங்கிள்."

செல்வராஜிடமே கேட்டுவிட்டேன். "நான் கேமராவத் தூக்கினா மட்டும் ஏன் சார் நிறுத்திடறீங்க?"

"நீங்கதானே சார் சொன்னீங்க?"

"நானா?"

"காளே சேட் ஸ்டுடியோல. வேலை கெடச்ச குஷில சிரிச்சிட்டேன். 'சிரிக்காதய்யா, காதக் காட்டு'ன்னு கத்துனீங்க. பயந்துட்டேன். போட்டோன்னா அப்டித்தான்னு பழகிப்போச்சு."

கேமராவைப் பையில் வைத்து மூடினேன். மல்லிகா சிரித்துக்கொண்டே டீ கொடுத்தார். படத்தை உள்ளங்கை அளவில் பிரிண்ட் போட்டு மாலைக்குள் கொண்டுபோய்க் கொடுத்தேன். கவிதா அதைப் பாஸ்போர்ட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். முதல் திங்கட்கிழமை, ஏழாவது ஆள், செல்வராஜ். பக்கத்தில் என் கையெழுத்து: "சிரித்தார். மறுபடி எடுத்தது."

இத்தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது. நல்ல லென்ஸ் வாங்குங்கள். எதிரில் இருப்பதை அது ஒளிக்காமல் காட்டும். ஆனால் எதிரில் என்ன இருக்கிறது என்பதில் உங்கள் வாய்க்கும் பங்கு உண்டு. என் பையில் இப்போது 85-க்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் வாத்து இருக்கிறது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அதை அந்த வீட்டார் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அன்றைய பதிவையும் முறைப்படி எழுதினேன். ஞாயிறு, கட்கி. கேமரா: வாத்து. லென்ஸ், அப்பர்ச்சர், ஷட்டர்: தெரியாது. எடுத்தவர்: மல்லிகா. சிரித்தார். மறுபடி எடுக்கவில்லை.