கம்பிக்கு ஆள் இல்லை

என் தம்பி செத்தது பன்றிக்கு வைத்த கரண்டில். எங்கள் மிளகுக் காட்டை ஒட்டி ஒரு ரிசார்ட் இருக்கிறது. காட்டுப்பன்றி உள்ளே வராமலிருக்க அதன் வேலிக் கம்பியில் யாரோ நேராகக் கரண்ட் கொடுத்திருந்தார்கள். மிளகு பறித்துவிட்டு மழையில் குறுக்கே வந்தவன் அதைத் தொட்டுவிட்டான். அந்த யாரோ ஒருவரைத்தான் பிறகு தேடிப் போனேன்.

ரிசார்ட் மேனேஜர் மலைக்குக் கீழேயிருந்து வந்தவர், தன்மையான மனிதர். நாற்காலி போட்டுக் காபி வரவழைத்தார். காபி நன்றாகத்தான் இருந்தது.

"எங்களுக்கும் ரொம்ப வருத்தங்கக்கா. ஆனா வேலி போட்டது காண்ட்ராக்டருங்க."

காண்ட்ராக்டரைச் செம்மேட்டில் பிடித்தேன். "நான் கம்பி இழுத்ததோட சரிங்க. கரண்ட் குடுத்தது எலக்ட்ரீசியன்" என்றார். எலக்ட்ரீசியன் போனில், "குடுக்கச் சொன்னாங்க, குடுத்தேன். என்னையக் கேட்டா எப்பிடிங்க?" என்றான். முதலாளி சென்னையில். அவருக்குப் பதிலாக வக்கீல் வந்தார். உதவி செய்யும் பொறுப்பு வேறு, தப்பை ஒப்புக்கொள்வது வேறு என்று பொறுமையாக எனக்கு விளக்கினார். ஸ்டேஷனில் விசாரணை நடக்கிறது என்றார்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். யாராவது ஒருவர் என் முகத்தைப் பார்த்து, நாங்கள்தான் செய்தோம் என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டால் எல்லோருடைய முகமும் பாவமாகிவிடும். வருத்தத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. தம்பியைக் கொண்டுவந்து கிடத்தியபோதும் வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள். இருக்கலாம் என்று விட்டுவிட்டேன். சோறாக்கினேன், சாமைக்குக் களை எடுத்தேன், அவன் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்தேன். உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. ரிசார்ட் வேலிப் பக்கம் போனாலும் கோபம்கூட வரவில்லை.

சாமை கதிர் பிடித்திருந்த சமயம். ஒருநாள் காலையில் பக்கத்துக் காட்டுக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"உங்க சாமைக்குள்ள எங்க மாடு பூந்திருச்சுங்க. பாதிக்கு மேல போச்சு. நாந்தான் சரியாக் கட்டாம விட்டுட்டேன். என் தப்புதானுங்க."

நான் இன்னும் காட்டுப் பக்கமே போயிருக்கவில்லை. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் யார் மாடு மேய்ந்தது என்று எனக்குத் தெரிந்தே இருக்காது. அப்படியே படியில் உட்கார்ந்தேன். ஓவென்று அழுதேன். நிறுத்த முடியவில்லை.

அவர் பதறிப்போனார். பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"அழுவாத கண்ணு, சாமைதான. எங்க காட்டுல அறுத்ததும் கொண்டாந்து போட்டர்றேன்."