நடுக்கட்டத்தில் போட்ட டிக்

அதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. பாதி ஆத்திரம் என் மேலேயே.

சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பச்சை ஒளி தரும் குறைக்கடத்திச் சிப்பும், தோலில் பட்டுத் திரும்பும் ஒளியை அளக்கும் உணரியும் செய்கிறோம். இரண்டையும் வைத்துக் கைக்கடிகாரம் நாடித்துடிப்பைச் சொல்லும். இந்த முறை அது கப்பல் பட்டறைத் தொழிலாளர்களுக்கு. வெயிலில் துடிப்பு எகிறினால் கடிகாரம் கத்தும்; ஆள் மயங்கி விழுவதற்குள் நிழலுக்குக் கொண்டுபோய்விடலாம். அங்கே நிறையப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள்.

சோதனைக்கு நாங்களே கையை நீட்டினோம். நான்கு மாடி ஏறி மூச்சு வாங்க நின்றேன். கடிகாரம் எழுபத்திரண்டு என்றது. கழுத்தில் விரல் வைத்து எண்ணினால் நூற்று முப்பதுக்கு மேல்.

எங்கள் குழுத் தலைவரும் தமிழர்தான், நல்ல சிவப்பு. அவர் கையில் கடிகாரம் ஒழுங்காக வேலை செய்தது.

"கையில தேங்கெண்ணெய் ஏதும் தடவிட்டு வந்தீங்களா?" என்றார்.

நானும் மானங்கெட்டுப் போய் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன். மறுபடியும் அதே கதைதான்.

அறிக்கை வந்தபோது என் அளவுகளைக் காணோம். என்னோடு சோதனையில் இருந்த இன்னும் இரண்டு தமிழ்ப் பெண்களின் அளவுகளையும் காணோம்.

"நீங்க மூணு பேரும் அவுட்லையர் லா, மத்தவங்க நம்பரோட ஒட்டல, எடுத்துட்டேன்," என்றார். "நடு நிறத்துல மத்தவங்களுக்கெல்லாம் சரியா வருது. ஃபார்ம்ல நீங்களே டிக் பண்ணியிருக்கீங்க, பாருங்க."

பார்த்தேன். வெளிர் நிறத்திலிருந்து கறுப்பு வரை ஐந்து கட்டங்கள். மூவரும் சொல்லிவைத்தாற்போல நடுக்கட்டத்தில் டிக் போட்டிருந்தோம். பொய் சொல்ல நினைக்கவில்லை. பிறந்ததிலிருந்து வீட்டில் எங்களை மாநிறம் என்றுதான் சொல்வார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடமும் அம்மா அதையே சொன்னார். கறுத்த தோல் பச்சை ஒளியை விழுங்கிவிடும், உணரிக்குத் திரும்புவது சொற்பம் என்று இத்தனை வருடம் படித்துவிட்டு, என் தோலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறேன். வெட்கக்கேடு. அறிக்கையில் கடைசி இரண்டு கட்டங்களுக்கு நேரே 'யாரும் பங்கேற்கவில்லை' என்று எழுதியிருந்தது. தினமும் என் முகத்தைப் பார்க்கிறவர் எழுதிய அறிக்கை அது.

திருத்தச் சொன்னேன்.

"அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம் லா. திங்கக்கிழமை பட்டறைக்குக் குடுக்கணும், நீங்க சைன் பண்ணுங்க."

அதுவரை வெயிலில் நிற்பது யார்? தலை சுற்றுகிறது என்று உட்காருகிறவரிடம் மேற்பார்வையாளர் கடிகாரத்தைக் காட்டி, நன்றாகத்தானே இருக்கிறாய், எழுந்திரு என்பார். கடிகாரமே இல்லாவிட்டால் அந்த மனிதரின் வாய்ச்சொல்லையாவது நம்புவார்கள்.

சட்டைக் கையைச் சுருட்டி, படிவத்தின் கறுப்புக் கட்டத்துக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன்.

"நான் கறுப்பு, பாஸ். என் நம்பரைத் திரும்பப் போடுங்க. போடாம நான் சைன் பண்ண மாட்டேன்."

அவர் நெளிந்தார். பிறகு எனக்கு ஆறுதல் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"சேச்சே, ஏன் அப்படியெல்லாம் பேசுறீங்க? நீங்க மாநிறம்தான்."