ஒரே கம்பெனி ஹரிநாராயணன்

காலையில் கடை அலமாரியைத் துடைப்பது ஹரிநாராயணனின் வேலை. அந்த ஒரு வேலையை மட்டும் அவர் மனைவி கனகலட்சுமிக்குக்கூட விட்டுத் தர மாட்டார். கண்ணாடிக்குள் வரிசையாக நிற்கும் மொபைல் செட்டுகளை ஒவ்வொன்றாக எடுப்பார். அவளுடைய பழைய பட்டுப் புடவையில் கிழித்த துணியால் முகம், முதுகு, விலா என்று துடைப்பார். ஒரு ஊது ஊதி, எடுத்த இடத்திலேயே நிற்க வைப்பார். அத்தனையும் டம்மி. உள்ளே ஒன்றும் கிடையாது. வெறும் பிளாஸ்டிக் கூடு, திரை இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டிய படம். பேசாத போனுக்கு இம்புட்டுக் குளிப்பாட்டல் எதற்கு என்று கனகலட்சுமி கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"பெருமாள் மட்டும் பேசுறாரா? தினம் அலங்காரம் நடக்கலையா?"

கடை என்பது வீட்டின் முன்னறைதான். தல்லாகுளத்தில் அழகர்கோவில் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. முன்னறைக்கும் வீட்டுக்கும் நடுவே பச்சைத் திரைச்சீலை. இந்தப் பக்கம் அவருடைய வியாபாரம், அந்தப் பக்கம் அவளுடைய அடுப்படி. காபி, திரையை விலக்கி நீளும் கையில் வரும். கருத்தும் அதே வழியில் வரும்.

அவர் விற்பது ஒரே கம்பெனியின் செட். ஊரில் பாதிப் பேர் பையில் இருப்பதும் அதுதான் என்பதால் அவர் பெயர் சொல்வதில்லை. "நம்ம கம்பெனி" என்பார். கம்பெனி பின்லாந்தில் இருக்கிறது. பேப்பர் வந்ததும் கடைசிப் பக்கத்தில் உலக நகரங்களின் வெப்பநிலையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளூர்ச் செய்திக்கு வருவார். மாசி வெயிலில் முதுகு நனைந்து உட்கார்ந்துகொண்டு, "கனகா, அங்க மைனஸ் பன்னெண்டாம்" என்று கவலைப்படுவார், சொந்தக்காரர் யாரோ அங்கே ஸ்வெட்டர் இல்லாமல் நிற்பது போல. அதே குளிரை வியாபாரத்துக்கும் எடுத்துக்கொள்வார். "அம்புட்டுக் குளிரையே தாங்குன செட்டுண்ணே. உங்க ஊரு வெயிலையா தாங்காது?"

கம்பெனிக்காரர்கள் வாசலுக்கு நீலப் பலகை போட்டுக் கொடுத்திருந்தார்கள். கண்ணாடி அலமாரியும் அவர்கள் தந்ததுதான். அதில் வேறு செட்டை வைக்கக் கூடாது என்பது பேச்சு. ஹரிநாராயணன் அதை இன்னும் கொஞ்சம் நீட்டி, வேறு செட் கடைக்குள் மணியே அடிக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டார். வந்தவர் பையில் வேறு மணி கேட்டால், "அண்ணே, அதை மட்டும் வாசல்ல நின்னு பேசிட்டு வந்துருங்க" என்பார். மூக்குப்பொடி போடுகிறவரைப் பந்தியிலிருந்து எழுப்புகிற மரியாதை அதில் இருக்கும். சந்துக்காரர்கள் அவருக்கு 'ஒரே கம்பெனி' என்று பேர் வைத்தது சும்மா இல்லை.

அவர் விற்கிற முறையைப் பார்க்கவே சிலர் வருவார்கள். விலை, விவரம் எல்லாம் பிறகு. முதலில் இழுப்பறையிலிருந்து நிஜ செட் ஒன்றை எடுத்து, மேசை உயரத்துக்குத் தூக்கி, ஒன்றும் சொல்லாமல் தரையில் போட்டுவிடுவார். வாங்க வந்தவர் "ஐயோ" என்பார். செட் மூன்றாகப் பிரிந்து ஓடும். மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். மூன்றையும் நிதானமாகப் பொறுக்கி, பூட்டி, பித்தானை அழுத்துவார். விளக்கு எரியும். "பாத்தீகளா? செத்தாலும் எந்திரிக்கும்ணே." அதற்குப் பிறகு பேரம் பேசுவதற்கு யாருக்கும் வாய் வராது.

சட்டைப்பையில் மற்றவர்கள் பேனா வைத்திருக்கும் இடத்தில் அவர் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வைத்திருக்கிறார். அது கம்ப்யூட்டர் காலத்து மிச்சம். தொண்ணூற்றாறில் இதே முன்னறையில் கம்ப்யூட்டர் பூட்டி விற்றார். சென்னையிலிருந்து பாகம் பாகமாக வாங்கி வந்து, பெட்டிக்குள் முடுக்கி, முகப்பில் மகள் பெயரில் 'காவ்யஸ்ரீ கம்ப்யூட்டர்ஸ்' என்று ஒரு ஸ்டிக்கர். அந்நாளில் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. ஏதோ தூசி, ஏதோ வைரஸ், யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் எல்லாரும் கழற்றினார்கள். பிறகு பெரிய கம்பெனிகள் மாதத் தவணையில் இறங்கின. ஜனங்கள் பேப்பர் விளம்பரத்தைக் கையில் மடித்துக்கொண்டு வந்து, "இந்த விலைக்கு நீங்க தருவீகளா?" என்று கேட்டார்கள். ஒரு வருஷத்தில் ஸ்டிக்கர் மட்டும் மிச்சமானது. இனி ஜெயிக்கிற கம்பெனி பக்கம் நிற்பது என்று ஹரிநாராயணன் அன்றைக்கு முடிவெடுத்தார். செருப்பு மட்டும் இன்றைக்கும் வாசலில்தான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கிளம்பும்போது யாராவது "எங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டால் போச்சு. பால் வாங்கப் போகிறவராக இருந்தாலும் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகுதான் மறுபடி படியிறங்குவார். கனகலட்சுமி சில நாள் வேண்டுமென்றே கேட்பாள். அவர் உட்காருகிற அந்த நிமிஷத்தில்தான் வீட்டு விஷயம் ஏதாவது பேச முடியும்.

இரண்டாயிரத்து எட்டில் சைனா செட்டுகள் வந்து இறங்கின. ரெண்டு சிம், சித்திரைத் திருவிழா ஒலிபெருக்கி போல ஒரு சத்தம், ஓரத்தில் கலர் கலராக விளக்கு. எதிர்க்கடைச் சின்னக்கருப்பன் அவற்றைக் கத்தரிக்காய் போலக் கூடையில் குவித்து வைத்தார். வருகிறவர்கள் எல்லாரும் ஹரிநாராயணனிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"ரெண்டு சிம் போடலாமாண்ணே?"

"ரெண்டு சிம் எதுக்கு? வாய் ஒண்ணுதான இருக்கு?"

"காது ரெண்டு இருக்குல்லண்ணே" என்று ஒரு ஆட்டோக்காரர் சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். திரைக்குப் பின்னால் கனகலட்சுமி சிரித்தது முன்னறை வரைக்கும் கேட்டது.

சிரித்தாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்குத் திக்கென்றுதான் இருந்தது. அவளுடைய அண்ணன் வெங்கடேஷ்பாபு மகால் பக்கம் புடவைக் கடை வைத்திருக்கிறான். ஆடி முடிந்ததும் வந்து, "தீபாவளிக்குள்ள இங்க தேறலைன்னா மாப்ள நம்ம கடைக்கே வந்துரட்டும். புடவை விரிச்சுக் காட்ட ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் தன் அண்ணன் கல்லாவில் உட்கார, தன் புருஷன் வெள்ளை விரிப்பில் மண்டி போட்டுப் புடவை மடிப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. செட்டைக் கீழே போட்டுக் காட்டுகிறவர் புடவையை என்ன செய்து காட்டுவார்?

அவளிடம் ஒரு ரகசியமும் இருந்தது. அடுப்படியில், ரவை டப்பாவுக்குள், ஒரு சைனா செட். அண்ணன்தான் கொடுத்தான். பரமக்குடியில் இருக்கும் தங்கச்சியோடு பேச ஒரு சிம், மற்றவர்களுக்கு ஒரு சிம். ரவைக்குள் புதைத்து வைத்தால் மணி அடித்தாலும் சத்தம் அமுங்கும். உப்புமா கிண்டுகிற அன்றைக்கு மட்டும் அதை அரிசிக்குள் மாற்றி வைக்க வேண்டும்.

நவராத்திரி முடிந்த வாரம், கலெக்டர் ஆபீஸ் வேலையாக வந்த ஒருவர் மனைவியோடு கடைக்குள் வந்தார். பேரையூர்ப் பக்கம். பெயர் நல்லகாமன், மனைவி சின்னத்தாய். இருவரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றியதில் ஹரிநாராயணனுக்கு அவர்களைப் பிடித்துப் போயிற்று. உடனே ஒரு செட்டை எடுத்துக் கீழே போட்டார். சின்னத்தாய் "ஆத்தி!" என்று நெஞ்சில் கை வைத்தார். மூன்றும் ஒன்றானது, விளக்கு எரிந்தது.

"செத்தாலும் எந்திரிக்கும்ணே."

"நல்ல செட்டுதாண்ணே" என்றார் நல்லகாமன். "ஆனா எங்களுக்கு ரெண்டு சிம் வேணும். ஊர்ல ஒண்ணுலதான் டவர் எடுக்குது. திருப்பூர்ல இருக்க மகன்கிட்ட பேச இன்னொண்ணுதான் கட்டுபடியாகுது. இவ பருத்திக்காட்டுல நிப்பா. காத்து அடிச்சாலும் மணி கேக்கணும்."

"அதெல்லாம் சைனாண்ணே. பில்லு கிடையாது, கேரண்டி கிடையாது."

திரைக்கு அப்பாலிருந்து கனகலட்சுமி பேசினாள். தமிழில் இல்லை, வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில். கடையில் எந்த ஆலோசனையும் அவர்களுக்குள் அந்தப் பாஷையில்தான் நடக்கும். எவ்வளவு இறங்கலாம், வந்த ஆள் வாங்குவாரா மாட்டாரா, எல்லாம் அவர் முகத்துக்கு நேரேயே பேசிக்கொள்வார்கள். அவரும் பாவம், டம்மி செட் மாதிரி நின்றுகொண்டிருப்பார். மகால் பக்கம் என்றால் இந்தத் தைரியம் வராது, அங்கே தெருவில் பாதிப் பேர் அவர்கள் ஆட்கள். தல்லாகுளத்துக்கு ஆபீஸ் வேலையாக வருகிற வெளியூர்க்காரருக்கு என்ன தெரியப் போகிறது?

"கேட்கிறதைக் கொடுத்தால்தான் என்ன? இப்போது நேரே சின்னக்கருப்பன் கடைக்குத்தான் போவார்கள்" என்றாள்.

ஹரிநாராயணன் நல்லகாமனைப் பார்த்துப் புன்னகைத்தபடியே அதே பாஷையில் பொரிந்தார். "எனக்குத் தெரியாதா? போன வாரம் சின்னக்கருப்பன் கடைக்குப் போய் நானே காதில் வைத்துப் பார்த்துவிட்டேன். கணீர் என்று கேட்கிறது. இவர்களுக்கு ஏற்றது அதுதான். அப்படி ஒன்று நம்மிடம் இல்லை. வாசலில் பலகையை மாட்டிக்கொண்டு அதை எப்படி நான் வாயால் சொல்வது?"

நல்லகாமன் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு அதே சௌராஷ்டிரத்தில், கொஞ்சம் பேரையூர் மண் ஒட்டியிருந்தாலும் பிழையில்லாமல், "நீங்கள் உண்மையைச் சொன்னதில் சந்தோஷம்" என்றார். ஹரிநாராயணனின் புன்னகை அப்படியே நின்றுவிட்டது, ஒட்டிய படம் போல.

"சுங்குடிச் சாயப்பட்டறையில பத்து வருசம் கிடந்தேண்ணே" என்று நல்லகாமன் தமிழுக்குத் திரும்பினார். "மொதலாளி வீட்டுல இந்தப் பேச்சுதான். இனிமே தமிழ்லயே சண்ட போடுங்க. எம் பொண்டாட்டிக்கும் புரியட்டும்."

அந்த நேரம் பார்த்து அடுப்படியில் கெட்டிமேளம் முழங்கியது. தவிலும் நாதஸ்வரமுமாக, தாலி கட்டுகிற நேரத்து மேளம். மறுநாள் உப்புமாவுக்காக ரவையைப் பாதி எடுத்து வறுத்திருந்தாள். அதனால் சத்தம் அமுங்கவில்லை.

"வீட்டுல விசேசமாக்கா?" என்று சின்னத்தாய் கேட்டார்.

ஹரிநாராயணன் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ரவை டப்பா. செட்டை வெளியே இழுத்து மேசையில் வைத்தார். அது இன்னும் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு முழங்கியது. பின்னாலேயே வந்த கனகலட்சுமி திரை ஓரத்தில் நின்றாள்.

"எம்புட்டு நாளா இருக்கு இது?" கேட்டது தமிழில்.

"ஆடி முடிஞ்சதிலேருந்து." அவளும் தமிழில்தான் சொன்னாள்.

"ரெண்டு சிம்மா?"

"ரெண்டும்தான்."

"பரமக்குடிக்கு நல்லாக் கேக்குதா?"

"பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி கேக்குது."

அவர் பட்டுத்துணியை எடுத்தார். முகம், முதுகு, விலா என்று துடைத்தார். பித்தான்களுக்கு நடுவே இருந்த ரவையை ஊதினார். பிறகு மேசை உயரத்துக்குத் தூக்கி, ஒன்றும் சொல்லாமல் தரையில் போட்டார்.

செட் மூன்றாகப் பிரிந்து ஓடியது. மூடி அலமாரிக்கு அடியில் போய்விட்டது. நல்லகாமன் மண்டியிட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்தார். ஹரிநாராயணன் பூட்டினார். பித்தானை அழுத்தினார். ஒன்றும் இல்லை. கனகலட்சுமி முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி அழுத்தினார். ஓரத்தில் சிவப்பு, அப்புறம் பச்சை, அப்புறம் அறை முழுக்க அதிர்கிற மாதிரி ஒரு வரவேற்பு இசை.

"எந்திரிச்சிருச்சே!" என்றார் சின்னத்தாய்.

"இது மாதிரி ஒண்ணு வரவழைச்சுக் குடுங்கண்ணே" என்றார் நல்லகாமன். "எதுத்த கடையில நான் வாங்க மாட்டேன்."

"கேரண்டி கிடையாதுன்னு சொன்னேன்லண்ணே."

"அதான் நீங்க இருக்கீகள்ல. ரிப்பேரானா உங்க வாசல்ல வந்து நிப்பேன். வைய வேண்டியிருந்தாலும் உங்க பேச்சுலயே வைவேன்."

ஹரிநாராயணன் அலமாரியைத் திறந்தார். நடு வரிசையில் இருந்த டம்மிகளை விரலால் மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார். கிடைத்த இடைவெளியில் அந்தச் செட்டை நிறுத்தி, இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார். கொஞ்சம் சாய்ந்திருந்தது. நிமிர்த்தினார்.

பிறகு மேசைக்கு அடியிலிருந்த முக்காலியை ஒரு கையில் எடுத்துக்கொண்டார். மறு கை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்து ஸ்க்ரூ டிரைவரை வெளியே எடுத்தது. வாசலில் போய், நீலப் பலகையை அண்ணாந்து பார்த்தபடி செருப்பை மாட்டினார்.

"எங்க போறீங்க?" கனகலட்சுமிக்கு வாய் தவறி வந்துவிட்டது.

நாக்கைக் கடித்துக்கொண்டு, அவசரமாக உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்தாள். அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. முக்காலியின் கால் நிலைப்படியில் ஒரு முறை இடித்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்.