என்ஜினுக்குப் போட்ட பவுடர்

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளில் எண்ணெய் ஒழுகத் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. எப்போது தொடங்கியது என்று வீட்டில் யாரைக் கேட்டாலும் ஒவ்வொரு பதில் வரும். எனக்கு மட்டும் நாள், கிழமை எல்லாம் தெரியும். முற்றத்துச் சீமெந்துத் தரையில் விழுந்த ஒவ்வொரு சொட்டையும் சோக்கினால் வட்டமிட்டு, பக்கத்தில் கிழமையும் வாப்பா அன்று எங்கே போய் வந்தார் என்பதும் எழுதி வைத்திருந்தேன். யாரும் கொடுத்த வேலையல்ல. சும்மா இருக்க முடியாத பிள்ளை நான்; இன்று பேராதனையில் பொறியியல் படிக்கும்போதும் அந்த நோய் தீரவில்லை. அன்று அதற்குக் கிடைத்த சன்மானம், முற்றத்தைக் கெடுக்கிறேன் என்று உம்மாவிடம் வாங்கிக் கட்டியதுதான்.

அக்குறணைப் பிரதான வீதியில் எங்களுக்கு ஒரு துணிக்கடை. பைக் வாப்பாவுக்கும் அவருடைய தம்பியான என் சாச்சாவுக்கும் பொது. தண்ணீர் சுற்றிக் குளிர்விக்கும் வசதியெல்லாம் இல்லாத பழைய நூற்றிருபத்தைந்து சீசீ. காற்று பட்டே சூடாற வேண்டும், அதற்காக என்ஜினின் உடம்பெல்லாம் வரிவரியாகத் தகடுகள். வாப்பாவுக்கு அது கடைக்கும் ஜும்ஆவுக்கும் போய்வர ஒரு வாகனம். சாச்சாவுக்கு அது இன்னொரு தம்பி. எனக்கோ, பள்ளிக்கூட வாசலில் மற்றப் பிள்ளைகள் பார்க்க இறங்கும் சிம்மாசனம்.

நோன்புப் பெருநாள் விடுமுறையில் சாச்சா என்ஜினின் தலையைத் திறந்து, வால்வுகளைச் சுத்தம் செய்து, மூடினார். இரண்டு வாரத்தில் ஒழுக்கு ஆரம்பம். பழி வேறு எங்கே போகும்?

"ஒனக்குத் தெறக்கத் தெரியும், மூடத் தெரியா," என்றார் வாப்பா, கடைப் பையன்களுக்கு முன்னால்.

அந்த ஒரு வசனத்தை சாச்சா மூன்று மாதம் சுமந்தார். அடியில் சொட்டுகிற இடத்து போல்ட்டுக்கு வாஷர் மாற்றினார். பக்கத்து மூடிக்கு கேஸ்கட் மாற்றினார். பிறகு கண்ட இடமெல்லாம் பசை பூசினார். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் தரை சுத்தமாக இருக்கும்; மூன்றாம் நாள் என் சோக்குக்கு வேலை வந்துவிடும். கடைசியில் அண்ணனும் தம்பியும் நேரே பேசுவதை நிறுத்தினார்கள். கடைச் சாவி எங்கே என்பதைக்கூட என்னை நடுவில் வைத்துத்தான் கேட்டுக்கொண்டார்கள். பிலிமத்தலாவையில் பழைய பைக்குகளை வாங்கிப் பாகம் பாகமாக விற்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக வாப்பா அறிவித்தார். சாச்சா அன்று சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், ஆனால் அழுதுகொண்டே.

வாப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒழுகுகிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. குழாய் சொட்டினால் கடையிலிருந்து வெட்டுத்துணி கொண்டுவந்து இறுக்கிக் கட்டுவார். ஜன்னல் இடுக்கில் மழை வந்தால் துணியைச் சுருட்டித் திணிப்பார். எங்கள் வீட்டில் ஓட்டைகள் எல்லாம் நல்ல பொப்லின் உடுத்தியிருந்தன. இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அவருடைய வெள்ளைச் சாரனில், கணுக்காலுக்குப் பக்கத்தில், பொடிப்பொடியாக எண்ணெய்ப் புள்ளிகள் விழுந்துகொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. உம்மா தேசிக்காய் தேய்த்துத் தேய்த்துச் சலித்துப்போனார். பெருநாளுக்குப் பிறகு அந்தப் புள்ளிகள் எப்படியோ நின்றுவிட்டன. தான் புதிதாக வாங்கிய சவர்க்காரத்தின் மகிமை என்று உம்மா அக்கம்பக்கத்தில் சொல்லித் திரிந்தார்.

சனிக்கிழமை காலை சாச்சா மறுபடியும் ஸ்பேனர்களைப் பரப்பினார். அப்போதுதான் சாச்சாவின் மனைவி, என் சாச்சி, வந்தார். குண்டசாலையிலிருந்து கலியாணம் முடித்து வந்து மூன்று மாதம். ஆஸ்பத்திரியொன்றில் இரத்தம் சோதிக்கும் லெப்பில் வேலை. எங்கள் வீட்டில் மிகக் குறைவாகப் பேசியவர் அவர்தான். புது மருமகள் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாங்களும் நினைத்தோம்.

எங்கே ஒழுகுகிறது என்று கேட்டார். சாச்சா என்ஜினின் அடியைக் காட்டினார்.

"அது சொட்டுற எடம். நான் கேக்கிறது வார எடம்."

சாச்சி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தினார். என்ஜினைப் பார்க்கவில்லை, என் சோக்கு வட்டங்களைப் படித்தார். மழைக்கும் உம்மாவுக்கும் தப்பியிருந்த ஒரு மாத வட்டங்களையும் வரிசையாக, விரல் வைத்து. கடைக்கு மட்டும் போன நாட்களில் ஒன்றிரண்டு சொட்டு, கட்டுகஸ்தோட்டை வரை போன நாட்களில் எட்டு ஒன்பது என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். எழுதிய எனக்கே அது தெரிந்திருக்கவில்லை. அந்த நிமிடத்திலிருந்து நான் அவருடைய ஆள்.

முதலில் மண்ணெண்ணெயும் பழைய பல்தூரிகையும். தகட்டுக்குத் தகடு, இடுக்குக்கு இடுக்கு. பசையெல்லாம் சுரண்டி, துடைத்து, வெயிலில் காய வைத்தார். பிறகு உள்ளே போய்த் தன் முகப் பவுடர் டின்னைக் கொண்டுவந்து, என்ஜின் முழுவதும் கொட்டித் தட்டினார். மல்லிகை வாசம் முற்றமெல்லாம் வீசியது.

"பொண்ணு பாக்க வாராங்களா இதுக்கு?" என்றார் சாச்சா.

"நாளைக்கு மாப்பிள வாரார்தானே, பிலிமத்தலாவயில இருந்து," என்றார் சாச்சி, தலை நிமிராமல்.

சாச்சா ஓட்டிக்கொண்டு போய், பள்ளிவாசல் சந்தியோடு திரும்பி வந்தார். வெள்ளைப் பவுடரில் ஒரேயொரு கறுப்பு நூல்: மேலே, வால்வுகளை மூடும் டெப்பட் மூடியின் மூலையில் பிறந்து, தகடுகளுக்குள் வழிந்து, காற்றில் பின்னால் சாய்ந்து, அடி போல்ட்டில் போய்த் தொங்கியது. மூன்று மாதம் கீழே தேடியது மேலே இருந்து வந்திருக்கிறது. சாச்சா துள்ளினார், அந்த மூடியை மாற்றினால் முடிந்தது என்றார். நானும் துள்ளினேன்.

சாச்சி துள்ளவில்லை. மறுபடி கழுவு என்றார், மறுபடி பவுடர். இந்த முறை கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரை போய் வரச் சொன்னார்.

பைக் திரும்பி வந்தபோது நூல் ஒன்றல்ல, மூன்று. டெப்பட் மூடியில் ஒன்று. சிலிண்டர் உட்காரும் அடிவிளிம்பில் ஒன்று, எதிர்ப்பக்கத்தில். சங்கிலிப் பல்சக்கரத்துக்குப் பின்னால் இன்னொன்று. சாச்சாவின் முகம் விழுந்தது. ஒரு நாளில் மூன்றையும் மாற்ற முடியாது. நாளை ஞாயிறு.

வாப்பா தேநீர்க் கோப்பையோடு வாசற்படியில் வந்து நின்றார்.

சாச்சி மூன்று நூல்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய உதடு எதையோ எண்ணுவதுபோல அசைந்தது. அந்த முகத்தை நான் இன்றும் என் பேராசிரியர்களிடம் தேடுகிறேன், அபூர்வமாகத்தான் கிடைக்கிறது.

"ஒரே ஆளுக்கு மூணு எடத்தில ஒரே நேரம் நோவு வந்தா, நோய் மூணில்ல," என்றார் மெதுவாக. "உள்ளுக்கு அமுக்கம் கூடி ஈக்கி. இது எங்கால மூச்சு விடுது?"

அதுவரை ஸ்பேனரைச் சுழற்றிக்கொண்டிருந்த சாச்சாவின் கை நின்றது. என்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேற ஒரு ரப்பர்க் குழாய் உண்டு. அது என்ஜினுக்குப் பின்னால் இறங்கி, கால் வைக்கும் கம்பிக்குப் பக்கத்தில் முடிகிறது. அவர் டேங்கின் அடியிலிருந்து குழாயைத் தடவிக்கொண்டு வருவதற்குள், சாச்சி நேரே அதன் நுனிக்குக் கை நீட்டிவிட்டார். புருவம் திருத்தும் சிறு இடுக்கியால் உள்ளே கௌவி இழுத்தார்.

நான் பக்கத்தில்தான் குந்தியிருந்தேன். வெளியே வந்தது சுருட்டித் திணித்த துணி. எண்ணெயில் ஊறியிருந்தாலும், வெள்ளைப் பொப்லினின் ஓரத்து நீலக்கோடு தெளிவாகத் தெரிந்தது. எங்கள் கடைத் துணி.

சாச்சி அதை ஒரு கணம் பார்த்தார். வாசற்படியைப் பார்த்தார். கையைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

"குளவி கூடு கட்டி ஈக்கி," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

சாச்சா அவருடைய பொத்திய கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு சாச்சா குளவி இனத்தையே திட்டத் தொடங்கினார். கொஞ்சம் நீளமாகவே திட்டினார். வாப்பாவின் கையில் தேநீர் ஆறி ஆடை படிந்திருந்தது.

மூன்றாவது முறை பவுடர் போட்டு, பாலம் வரை அல்ல, கண்டி நகரத்துக்கே போய் வந்தார் சாச்சா. மூன்று இடத்திலும் லேசான ஈரம், அவ்வளவுதான். நூல் இல்லை. மறுநாள் பிலிமத்தலாவைக்காரர் வந்தபோது அவரை வாசலிலேயே மறித்து, வெறும் தேநீர் மட்டும் கொடுத்து அனுப்பியவர் வாப்பா. போகிற போக்கில், "தம்பி நல்லாத்தான் மூடி ஈக்கிறான்," என்றும் அவரிடம் சொன்னார். சாச்சா பக்கத்தில் நின்று டேங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த டேங்க்.

சாச்சி அதோடு விடவில்லை. குழாயின் நுனியில் ஒரு வெற்று மருந்துப் போத்தலைக் கட்டச் சொன்னார். போத்தலின் மூடியில் மூச்சுப் போக ஓர் ஓட்டை. எண்ணெய்த் துளிகள் போத்தலுக்குள் தங்கிவிடும், வெள்ளிக்கிழமை நானாவின் சாரனில் தெறிக்காது என்றார்; நானா என்று அவர் சொல்வது வாப்பாவை. குளவிக்கும் வாப்பாவின் சாரனுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் போத்தலை மாற்றி மாற்றி இன்றும் நான்தான் அந்த பைக்கை ஓட்டுகிறேன்.

ஆனால் எனக்கு ஒரு மனவருத்தம் இருந்தது. இவ்வளவு அறிவுள்ள சாச்சிக்கு, துணிக்கும் குளவிக்கூட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லையே! குளவி எங்கள் கடைக்குள் புகுந்து பொப்லின் எடுத்து வந்திருக்குமோ என்றுகூட யோசித்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.

இரண்டு நாள் கழித்து வாப்பா கடையிலிருந்து வரும்போது ஒரு பவுடர் டின் வாங்கி வந்தார். பெரிய டின், அதே மல்லிகை. எங்கள் வீட்டில் ஆண்கள் பவுடர் வாங்கி நான் பார்த்ததில்லை. அதைத் தானே கொடுக்காமல் என் கையில் வைத்து, "சாச்சிட்ட குடு," என்றார். "என்ன சொல்லிக் குடுக்க?" என்று கேட்டேன். ஒன்றும் சொல்ல வாணாம் என்றார்.

நான் அப்படி ஒன்றும் சொல்லாமல் கொடுக்கிற பிள்ளையா? மாடிக்கு ஓடினேன். டின்னைக் கொடுத்த கையோடு, கதவைச் சாத்திவிட்டு, அவர் மனம் நோகாதபடி மெல்லிய குரலில் சொன்னேன்: அது குளவிக்கூடு இல்லை சாச்சி, துணி; நான் என் கண்ணால் பார்த்தேன்.

சாச்சி டின்னைத் திறந்தார். விரலில் கொஞ்சம் பவுடர் தொட்டு என் மூக்கின் நுனியில் வைத்தார்.

"அப்படியா?" என்றார். "எனக்கு வெளங்காமப் போச்சே. வேற யாரிட்டயும் செல்லிராத, மகள். என்ன வெக்கம்."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். படித்த ஒருவரின் பிழையைத் திருத்தி, அவருடைய மானத்தையும் காப்பாற்றிவிட்ட பெருமையோடு, மூக்கில் பவுடருடன் படியிறங்கி வந்தேன். கீழே வாப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.